துவரில் முக்கியெடுத்த நைலான் வலை

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும். மறதியும் உண்டு, முன்னே பின்னே சொல்லிவிடுவேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் மீனவக் குப்பமான காத்திவாக்கத்தில் அப்போது பருத்தி நூல் வலைதான். கடலிலிருந்து வந்ததும் மணலில் விரித்துக் காயவைக்காவிட்டால் இற்றுப்போகும். அடிக்கடி மரப்பட்டை காய்ச்சிய துவர்ச் சாற்றிலும் முக்க வேண்டும். காய்ச்சுவது நானும் என் மாமியாரும். காய்கிற வலையை நாய் இழுக்காமல் காவல் இருக்க, என் மகளை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது.

அந்தச் சமயத்தில் ஒரு கம்பெனிக்காரர் நைலான் நூல் கொண்டுவந்தார். யுத்தத்தில் பட்டாளத்தார் வானத்திலிருந்து குதிக்கும் பாராசூட்டுக்காக ஆராய்ச்சி செய்த நூல், இப்போது கம்பெனிகள் வலைக்குச் செய்கின்றன, காயவைக்கவும் வேண்டாம், துவரும் வேண்டாம் என்றார்.

"சோல்ஜரு வானத்துலேர்ந்து வுயுந்தான், சரி. மீனுமா வானத்துலேர்ந்து வுயுது?" என்று கேட்டுவிட்டு என் மாமனார் எழுந்து போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் மட்டும் வாங்கி ஒரு வலை பின்னினார். இது நிலைத்தால் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். ஆனால் நூல் வழுக்கியது. போட்ட முடிச்செல்லாம் நழுவியது.

துவர் காட்டாத வலை கடலில் இறங்கக் கூடாது என்று மாமியார் ஒரே பிடிவாதம். வீட்டுக்காரர் வெளியே போயிருந்தபோது நாங்கள் இருவரும் அதைக் கொதிக்கிற அண்டாவில் முக்கிவிட்டோம். எடுத்தால் வலை சுருங்கியிருந்தது. மகள் படிப்பு போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் வந்து பார்த்து, "இன்னாமே, வலைய கொயம்பு வெச்சிட்டியா?" என்றார். பிறகு உட்கார்ந்து முடிச்சு முடிச்சாக இழுத்துப் பார்த்தார். ஒன்றுகூட நழுவவில்லை.

கம்பெனிக்காரர் மறுபடி வந்தபோது, ஆலையிலும் சூடு காட்டித்தான் முடிச்சை இறுக்குகிறார்கள், சொல்ல விட்டுப்போயிற்று என்று சிரித்தார்.

ஈரத்தோடு குவித்துப் போட்டும் அந்த வலை இற்றுப்போகவில்லை. மழைக்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்த மாமனார் ஒரு நாள், "பொண்ணு இங்க குந்திகினு இன்னா செய்யுது? இஸ்கோலுக்கு அனுப்பு" என்றார். அவள் தலை பின்னிக்கொள்ளக்கூட நிற்காமல் ஓடினாள். பள்ளிக்கூடப் படிப்பை முழுக்க முடித்தாள்.

பட்டாளத்து ஆராய்ச்சியில் கம்பெனிக்காரர்கள் லாபம் பார்த்தார்கள் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. பார்த்திருப்பார்கள். எங்கள் குடிசைக்கும் அதில் ஒரு பங்கு வந்தது. அந்த நூலைக் கண்டுபிடித்தவர்கள் எந்தத் தேசத்தாரோ, நன்றாக இருக்கட்டும்.

பட்டாளத்துக்காகவே கண்டுபிடித்ததா, கம்பெனி கண்டுபிடித்ததைப் பட்டாளம் எடுத்துக்கொண்டதா என்பதுதான் எனக்கு நிச்சயமில்லை. கம்பெனிக்காரர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திக்கொடுங்கள்.