ராணிக்கும் எனக்கும் ஒரே வட்டம்

போன வாரம் என் முன்கையில் ஒரு சிவப்பு வட்டம். அரிப்பு என்றால் அப்படியோர் அரிப்பு!

தோல் டாக்டர் பார்த்தார். “படர்தாமரை. வீட்டுல நாய், பூனை உண்டா?”

“இல்ல டாக்டர்... ஒரு குதிரையில ஏறினேன்.”

அவர் பேனா அப்படியே நின்றுவிட்டது.

பின்னே? ஐம்பது தாண்டிய வயதில், கன்னியாகுமரி கடற்கரையில், முதன்முதலாகக் குதிரை ஏறியிருக்கிறேன்! இறங்க மனசே இல்லாமல் ராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். முகம் துடைக்க குதிரைக்காரர் செல்லத்துரை தன் துவர்த்தை நீட்டினார். எங்கள் ஊரில் துண்டுக்கு அதுதான் பெயர்.

“குதிரைகிட்ட இருந்துதான் ஒட்டியிருக்கும். முதல்ல அதைக் காட்டுங்க” என்றார் டாக்டர்.

கடற்கரைக்கு ஓடினேன். ராணி இல்லை! செல்லத்துரையின் வீட்டுக்கே போனேன். வாசலை மறித்து நின்றார். அவர் கழுத்திலும் அதே வட்டம் – என்னுடையதற்கு அண்ணன்.

“ராணி எங்க தம்பி?”

“அவ இங்க இல்லக்கா...”

அடுக்களையிலிருந்து ஒரு கனைப்பு!

மனிதர் உடைந்துவிட்டார். “சீக்கு வந்த குதிரய ஊசி போட்டுக் கொன்னுருவாவளாம்க்கா. போன்ல வந்துது. அவ எனக்க பிள்ளையாக்கும்.”

முழுப் பொய்யும் இல்லை. கிளாண்டர்ஸ் என்று ஒரு வியாதி. குதிரைக்கு மூக்கு ஒழுகும், புண் வரும். மனிதருக்கும் தொற்றி உயிரையே வாங்கும். அது உறுதியானால் குதிரையை விட்டுவைக்க மாட்டார்கள். அதற்காக... அடுக்களையிலா ஒளிப்பது?

“அந்தச் சீக்காவே இருந்தா உமக்க பிள்ளைங்க கதி?” என்றேன். வழிவிட்டார்.

கால்நடை டாக்டரை அழைத்து வந்தேன். ராணியின் முதுகெல்லாம் முடி கொட்டிய வட்டங்கள். “இந்தத் துவர்த்து யாருக்குள்ளது?” என்றார் டாக்டர், செல்லத்துரையின் தோளைக் காட்டி.

“ரெண்டு பேருக்கும்தான் சாரே. அவளத் தொடச்சிட்டு நானும் தொடைப்பேன்.”

“சரிதான்! இது படர்தாமரை. மருந்து போட்டா மாறும். அதுவர சவாரி வேண்டாம்.” சந்தேகத்துக்கு ரத்தமும் எடுத்துப் போனார்.

நேற்று டாக்டரே முடிவோடு வந்தார் – கிளாண்டர்ஸ் இல்லவே இல்லை! செல்லத்துரை ஒரே பாய்ச்சலாக ராணியைக் கட்டிப்பிடிக்கப் போனார்.

“தொடாதேயும்!” – நானும் டாக்டரும் ஒன்றாகக் கத்தினோம்.

செல்லத்துரைக்குச் சிவப்பு, ராணிக்குப் பச்சை என்று இரண்டு துவர்த்து வாங்கிக் கொடுத்திருந்தேன். இன்று போனால் இவர் தோளில் பச்சை!

“என்ன தம்பி இது?”

“அவ மேல இன்னும் போடலக்கா, அதுக்கு முன்னயே மாத்திட்டேன். செவப்பாக்கும் அவளுக்குச் சேருது!”