ஆனை இல்லாத ஆப்பிரிக்கா

1. பலகையை நம்பியவர்

ஊட்டியில் டிராவல்ஸ் நடத்துகிறேன். தொட்டபெட்டா, படகு இல்லம், பைக்காரா என்று ஒரே வட்டத்தில் வேன் விட்டுப் பாதி ஆயுளைக் கழித்தவன். பெயர்ப்பலகையில் 'இன்டர்நேஷனல்' என்று இருப்பதற்குக் காரணம், இடம் மிச்சமிருக்கிறது என்று பெயின்டர் சொன்னதுதான். அந்தச் சொல்லை நம்பி ஒருநாள் இம்மானுவேல் சார் உள்ளே வந்துவிட்டார். பந்தலூரை அடுத்த நெல்லியாளம் பக்கத்து டீ எஸ்டேட்டில், ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்து ரிடையர் ஆனவர்.

"ஏனுங்க, ஆப்பிரிக்கா சஃபாரி போடுவீங்களா?"

"போடுவோமுங்க." வாய் முந்திக்கொண்டது. மேற்கே நான் போன கடைசி ஊர் கோழிக்கோடு.

"எனக்கு சிங்கம், சிறுத்தை எதுன்னாலும் சரிங்க. ஊட்டுக்காரிக்குத்தான் ஆனைன்னா பயம். ஆனை இல்லாத எடமாப் பாருங்க."

பந்தலூர்ப் பக்கம் குடியிருந்தவரிடம் இதற்கு விளக்கம் கேட்க வேண்டியதில்லை. அங்கே பொழுது சாய்ந்தால் வாட்ஸ்அப்பில் முதலில் வரும் செய்தி, எஸ்டேட்டில் யானை எந்த டிவிஷனில் நிற்கிறது என்பதுதான்.

2. வேலி போட்ட காடு

சரணாலயம் தேர்ந்தெடுப்பது பெண் பார்ப்பது போன்றது என்று நினைத்திருந்தேன். அதைவிடக் கஷ்டம். மசாய் மாராவில் யானை. செரங்கெட்டியில் யானை. க்ரூகரில் கூட்டம் கூட்டமாக யானை. கடைசியில் கென்யாவில் நகூரு ஏரிப் பூங்கா அகப்பட்டது. சுற்றிலும் வேலி. காண்டாமிருகம், சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் உண்டு, யானை மட்டும் கிடையாது. குளிர்கூட நம் குன்னூர் மாதிரிதான். நைரோபி ஏஜென்ட் போனில் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். யானை வேண்டாம் என்று கேட்ட பார்ட்டியை அவர் அதுவரை பார்த்ததில்லையாம். எனக்குப் பெருமையாக இருந்தது.

3. டீச்சரின் கேள்வி

விசா பேப்பரில் கையெழுத்துப் போட சாருடன் அவர் மனைவி மேரி டீச்சரும் வந்தார். எஸ்டேட் ஸ்கூலில் வேலை பார்த்தவர். நான் ஒரு சாதனையாளனின் குரலில் சொன்னேன்: "பயப்படாதீங்க டீச்சர். நீங்க போற எடத்துல ஒரு ஆனைகூட இல்லைங்க."

"இல்லையா? யாரு அப்படிக் கேட்டது?"

சார் சுவர்க் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

"எனக்குப் பயமுன்னு சொன்னாருங்களா? இவரு நைட் ஷிப்டுன்னு ஃபேக்டரிக் கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்துக்குவாரு. ஊட்டுல நானும் புள்ளைகளும் லைட்டை அணைச்சுட்டு மூச்சு விடாம உக்காந்திருப்போம். வாழை முறியற சத்தம் தெரியும். காலைல சாணி தெரியும். சமையக்கட்டுச் சுவத்தை இடிச்சு அரிசி மூட்டையை இழுத்துட்டுப் போச்சு, அதுவும் தெரியும். ஆனா முழு ஆனையை நின்னு நிதானமாப் பாத்ததே இல்லைங்க."

"தெப்பக்காடு கேம்ப்புல காட்டுனேனே," என்றார் சார், காலண்டரிடம்.

"சங்கிலி போட்டதை யாரு கேட்டா? இத்தனை வருஷமா அது எங்க ஊட்டுக்கு வந்துச்சு. ஒருவாட்டியாவது நான் அது ஊட்டுக்குப் போகணும். பட்டப்பகல்ல. அது இல்லீன்னா எனக்கு ஆப்பிரிக்காவே வேண்டாம். இவரு மட்டும் போயிட்டு வரட்டும்."

நகூருவைக் கேன்சல் செய்து, அதே கென்யாவில் யானைக்குப் பேர்போன அம்போசெலி போட்டேன். திறந்த சமவெளி, பின்னால் கிளிமஞ்சாரோ. யானை நினைத்தாலும் ஒளிந்துகொள்ள முடியாது. சாராலும் முடியாது.

"உங்களுக்கு மட்டும் நகூரு போட்டுடட்டுங்களா சார்?"

"வேண்டாமுங்க. சேந்தே போறோம்." ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்கிறவரின் குரல்.

4. ரிவர்ஸ்

திரும்பி வந்ததும் எனக்கு ஒரு பாக்கெட் கென்யா டீத்தூள் கொடுத்தார்கள். "கலர் இருக்குது, மணம் இல்லை," என்று சார் தீர்ப்பும் சேர்த்துக் கொடுத்தார். மற்றதை டீச்சர் சொன்னார்.

கூடலூர் ரோட்டில் யானை நின்றால் நாம் இன்ஜினை அணைக்க மாட்டோம். ரிவர்ஸில் வைத்துக் காத்திருப்போம். அங்கே யானைக்கூட்டம் வண்டியை நோக்கி வந்தபோது டிரைவர் சஃபாரி வழக்கப்படி சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்திருக்கிறார். சார் எழுந்து நின்று, "ஆஃப் பண்ணாதப்பா! ரிவர்ஸ் எடு!" என்று தமிழில் அலறியிருக்கிறார். விருந்தினர் மகிழ்ச்சியில் கத்துகிறார் என்று நினைத்த டிரைவர் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தாராம். மிச்ச நேரத்தை சார் சீட்டுக்குக் கீழே கழித்திருக்கிறார்.

"பக்கத்துலயே வந்து நின்னுச்சுங்க. கண்ணு இமை முடி வரைக்கும் பாத்தேன்."

"உங்களுக்குப் பயமாவே இல்லீங்களா டீச்சர்?"

"எதுக்குங்க? அங்க எனக்கு ஏது சமையக்கட்டு?"

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் விமானம், விசா, தடுப்பூசி எல்லாவற்றையும் எங்காவது படித்துக்கொள்ளலாம். நான் கற்ற பாடம் சின்னது. போன வாரம் சார் மறுபடி வந்தார்.

"சுவிட்சர்லாந்து போலாமுன்னு இருக்கோமுங்க. ஊட்டுக்காரிக்குத்தான் ரோப் கார்னா பயம்."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"டீச்சரைக் கூட்டிட்டு வாங்க சார்."