சூசை மச்சானின் விரலுக்குத் திரும்பி வந்த மரு

போன மாதம் வங்காலையிலிருந்து சூசை மச்சான் வந்தார் — வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடியே! தேநீரை இடது கையால் வாங்கினார். என் மனைவியின் அண்ணன்; வலை இழுத்துக் காய்த்த கை. அந்தக் கைக்கு என்ன வெட்கம்?

"திரும்ப வந்திட்டுது" என்றார்.

விரல்களில் மரு. முன்பு இரண்டே இரண்டுதான். கிளினிக்கில் சுட்டு எடுத்தார்கள். மறுபடி வரச் சொன்னார்கள். மச்சான் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாவிட்டால் இல்லை என்றுதானே அர்த்தம்? இப்போது சொந்தபந்தத்தோடு வந்து குடியேறியிருக்கிறது...

அதற்கு அடுத்த கிழமை அவருடைய மகள் ஜெனிக்குக் கலியாணம். கோயில் வாசலிலிருந்து பீடம்வரை அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியவர் இவர்.

"சம்மந்திமார் கண்டால் என்ன நினைப்பினம்? என்ர தம்பியிட்டை அவளைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லப்போறன்" என்றார்.

கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். அங்கிருந்த இளம் டொக்டர் மச்சானின் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, நாங்கள் சுட்டது வெளியில தெரிஞ்சதை. வைரஸ் பக்கத்துத் தோலுக்குள்ளயும் இருக்கும். உடம்பு அதை அடையாளம் கண்டு விரட்டுமட்டும் திரும்ப வரலாம். அதுக்குத்தான் வரச் சொன்னனாங்கள். பிளேட்டால சுரண்டினனீங்களோ?"

"கொஞ்சமாத்தான்..."

"அந்தக் கொஞ்சம்தான் மற்ற விரலுக்கும் கொண்டுபோய் விட்டிருக்கு."

"கலியாணத்துக்கு முதல் போயிடுமோ?"

"போகாது. பிளாஸ்டர் போட்டு மூடுங்கோ. மகளின்ர கையைத் தாராளமாப் பிடிக்கலாம்."

மச்சானுக்கு நம்பிக்கை வரவில்லை. ஜெனிதான் முடித்துவைத்தாள்: "நீங்கள் வராட்டில் நானும் கோயிலுக்கு வரமாட்டன், அப்பா."

கலியாணத்தன்று அவள் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மச்சானின் கண் பீடத்தில் இல்லை — பிளாஸ்டரில்!

விருந்தில் மாப்பிள்ளையின் தாய் நேரே வந்து அதே கையைப் பிடித்தார்.

"ஐயோ, வலை இழுக்கேக்க வந்த காயமோ? மகளுக்காக எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறியள்!"

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "ஓம்" என்றார். அன்று முழுக்க அந்தக் கை பைக்குள் போகவே இல்லை.

இப்போது ஒழுங்காகக் கிளினிக் போய் வருகிறார். மரு குறைந்துகொண்டு வருகிறது.

கை ஒன்றுதான். ஆனால் காயத்துக்குக் கிடைக்கிற மரியாதை மருவுக்கு ஏனோ கிடைப்பதில்லை!