நான் குவைத்தில்... தறி ராஜபாளையத்தில்!

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் பக்கத்து இலைக்காரர் சவூதியில் எலெக்ட்ரீஷியன். "சிஸ்டர், அங்க இருந்துகிட்டே இங்க ஒரு சின்னத் தொழில் தொடங்கலாம்னு பாக்குறேன்..." என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

முடிக்க விட்டால்தானே! அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவருடைய மாமனார் குறுக்கே பாய்ந்தார். "உடையவன் பாக்காத பயிரு வெளங்குமா மாப்ளே? பேசாம ஒரு வீட்டக் கட்டி வாடகைக்கு விடுங்க!"

எனக்கு ரசம் புரையேறியது. இதே வசனத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன்!

நான் நர்ஸ். எண்பதுகளின் கடைசியில் குவைத்தில் வேலை. ஒருநாள் கட்டு மாற்றும்போது, புண்மேல் வைக்கும் காஸ் என்கிற வலைத்துணி நூல்நூலாகப் பிரிந்து நோயாளியின் புண்ணில் ஒட்டிக்கொண்டது. மனிதர் துடித்துப்போனார். எனக்கோ கோபம். ராஜபாளையத்துக்காரி நான்... எங்கள் ஊர் பேண்டேஜ் துணிக்கே பேர்போனது. இந்தக் குப்பையை வைத்து நான் ஏன் கட்ட வேண்டும்?

அடுத்த லீவில் நாலு பழைய விசைத்தறிகள் வாங்கினேன். ஒரு ஷெட் பிடித்தேன். பொறுப்பைத் தங்கை எஸ்தரிடம் கொடுத்தேன். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

"ஏட்டி, நீ கடலுக்கு அந்தப் பக்கம், தறி இந்தப் பக்கம். இதெல்லாம் நடக்கிற காரியமா?"

"எஸ்தர் இந்தப் பக்கம்தானேண்ணே இருக்கா?" என்றேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் பக்கத்து மருந்துக் கடையில் என் போனுக்குக் காத்திருப்பாள். அவள் தபாலில் அனுப்பும் சாம்பிள் துணியைப் பார்த்துவிட்டு, இரைச்சலில் கத்திக் கத்தியே தொழில் நடத்தினோம். "ஓரம் பிரியுதுட்டி!" "சரி பண்ணிட்டேன்க்கா!" நடந்தது. நன்றாகவே நடந்தது.

பிறகு அந்த ஆகஸ்ட், 1990. குவைத்துக்குள் ஈராக் டாங்கிகள் நுழைந்தன. போன் செத்தது. வாரக்கணக்கில் என்னிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

அண்ணன் கெட்டவர் இல்லை — பயந்தவர். தங்கச்சி உயிரோடு இருக்கிறாளோ என்னவோ, தறியையாவது காசாக்குவோம் என்று ஆள் பிடித்துவிட்டார். ஒரு காலையில் ஷெட் வாசலில் லாரி. தறிகளைக் கழற்ற ஸ்பேனரோடு ஆட்கள்.

எஸ்தர் என்ன செய்தாள்? தறிகளை நிறுத்தவே இல்லை! ஓட்டுகிற பெண்களிடம் "ஒருத்தியும் நிறுத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு வாசலை மறித்து நின்றாள்.

"நிறுத்தச் சொல்லுட்டி!" அண்ணன் கத்தினார்.

"தறி அக்கா பேர்ல இருக்கு. அக்கா வந்து சொல்லட்டும், நிறுத்துறேன்."

"அவ வருவான்னு என்ன நிச்சயம்?"

"வரமாட்டான்னு மட்டும் என்ன நிச்சயம்? ஓடுற தறியில கை வைக்கச் சொல்லுங்க, பாப்போம்!"

யார் வைப்பார்கள்? வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அன்றைக்கென்று கரண்ட்டும் போகவில்லை — கடவுள் இருக்கிறார்!

நான் பாலைவனம் கடந்து, ஜோர்டான் முகாமில் கிடந்து, பம்பாய் விமானம் ஏறி... ஒற்றைக் கைப்பையோடு ராஜபாளையத்தில் இறங்கினேன். வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஷெட்டுக்குத்தான்.

தறியில் குனிந்திருந்த எஸ்தர் நிமிர்ந்தாள்.

"அக்கா, செத்த நேரம் இரு... நூல் அறுந்து போச்சு."

முடிச்சுப் போட்டு, தறியை ஓடவிட்ட பிறகுதான் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். லாரி வந்த கதை எனக்குத் தெரிந்ததே அப்புறம்தான். அந்த வாரமே கம்பெனியை எங்கள் இருவர் பெயருக்கும் மாற்றினேன்.

பந்தியில் இத்தனையையும் சொன்னேன். மாமனார் மசியவில்லை. "எல்லாருக்கும் எஸ்தர் கெடைக்குமாம்மா?" என்றார்.

தேட வேண்டும் ஐயா! ஊரிலேயே உட்கார்ந்து, கண்ணால் பார்த்துப் பார்த்து நடத்திய கடைகள் எத்தனை மூடிக் கிடக்கின்றன? அதற்கு மட்டும் ஏன் ஒரு பழமொழியும் இல்லை?

அன்றைக்குக் குவைத்திலிருந்து திரும்பிய சில மாதங்களிலேயே எனக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. பஸ் ஸ்டாண்ட் வரை வழியனுப்ப வந்த அண்ணன் கேட்டார்: "இம்புட்டுப் பட்ட பொறவும் மறுபடியுமா?"

"ஆமாண்ணே. இன்னும் ரெண்டு தறி வாங்கணும்லா?"

அகதியாக வந்து இறங்கியவள் அடங்கித்தான் கிடக்க வேண்டும் என்று எந்த பாஸ்போர்ட்டிலும் அச்சடித்திருக்கவில்லை!