மாமியின் சட்டிகளும் மச்சாளின் வான்கோழியும்

லண்டனில் எங்கள் ஆட்களின் வீட்டு ஓவனைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்குள் ஒருநாளும் எதுவும் வெந்ததில்லை. பொரிக்கிற தாச்சி, தோசைக்கல், இடியப்பத் தட்டு, மூடி தொலைந்த பானை எல்லாம் அதற்குள்தான் குடியிருக்கும். கிங்ஸ்பரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலும் அப்படித்தான். வெள்ளைக்காரன் கேக் சுடக் கட்டியதை நாங்கள் அலுமாரி ஆக்கியிருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் என் மாமி, அதாவது என் கணவருடைய அம்மா, ஆறு மாத விசாவில் கொழும்பிலிருந்து வந்தார். மறுநாளே என் சமையலறையைப் பார்வையிட்டார். என் வீட்டுக்காரர் இவருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. மாமியோ சுத்த சைவம். மீன், இறைச்சி என்று மச்சம் படாத இடம் அந்தச் சமையலறையில் ஒரு சாண் கூட இல்லை. கடைசியில் ஓவனைத் திறந்து மூக்கை நுழைத்து மணந்து பார்த்தார்.

"இதுக்குள்ளை எப்பவாவது இறைச்சி வச்சனீங்களோ பிள்ளை?"

"அதுக்குள்ளை நெருப்பே வச்சதில்லை மாமி," என்றேன்.

என் தாச்சிகள் நிலத்துக்கு வந்தன. ஈஸ்ட் ஹாமில் வாங்கிய இரண்டு புதுச் சட்டி, ஒரு பானை, ஓர் அகப்பை என்று மாமியின் சைவச் சாமான்கள் உள்ளே போயின. எனக்குக் கோபம்தான். காலில் தாச்சி இடறும்போதெல்லாம் வாய்க்குள் புறுபுறுத்தேன். பிறகு பழகிவிட்டது. அந்தக் குளிர்கால வீட்டில், வேலை முடிந்து வரும்போது கதவைத் திறக்க ஒருவர் இருந்தார் என்பதற்காக எத்தனை தாச்சியிலும் இடறலாம் என்று தோன்றத் தொடங்கியிருந்தது.

நவம்பரில் மச்சாள் வருவதாகச் சொன்னார். மச்சாள் இவருடைய அக்கா. எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் கலியாணம் கட்டி நியூ ஜேர்சிக்குப் போனவர். அதன் பிறகு தாயும் மகளும் ஒருவரை ஒருவர் காணவில்லை. மாமிக்கு அமெரிக்க விசா கிடைக்கவில்லை. நாடு இருந்த நிலையில் மச்சாளைக் கொழும்புக்கு அனுப்ப அவருடைய கணவருக்குப் பயம். இப்போது மாமி லண்டனில் இருக்கிறார், மச்சாள் வேலை செய்யும் கந்தோருக்கு அமெரிக்காவின் நன்றி நாளான தாங்க்ஸ்கிவிங் விடுமுறை. புதன் காலை வந்து ஞாயிறு திரும்பிவிட வேண்டும்.

வருவதற்கு முன்பே தொலைபேசியில் கட்டளை வந்தது: அந்த நாளின் விருந்துக்கு, வியாழக்கிழமைக்கு, ஒரு முழு வான்கோழி வேண்டும். லண்டனுக்கு அது வெறும் வியாழக்கிழமை. இறைச்சிக் கடைக்காரர், கிறிஸ்மசுக்கு வரச் சொல்லி இவரைத் திருப்பி அனுப்பினார். எங்கேயோ அலைந்து, கல்லாக உறைந்த ஒன்றை இவர் தூக்கி வந்தார். பனி இளகக் குளியல் தொட்டியில் போடலாமா என்று கேட்டார். விடியக் குளித்துவிட்டுப் பிள்ளையாருக்கு விளக்கு வைக்கும் மாமி இருக்கிற வீட்டில் கேட்கிற கேள்வியா இது? பின்வளவுக் கொட்டிலில் ஒரு பேசினுக்குள் வைத்து, நரி கொண்டு போகாமல் மேலே பலகையும் செங்கல்லும் வைத்தோம்.

ஹீத்ரோ விமான நிலையத்தில் மாமி மகளைக் கட்டிப்பிடிக்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் தடவி, "நல்லா மெலிஞ்சு போனாய்," என்றார். மச்சாள் போன காலத்தைவிட இரண்டு மடங்காகியிருந்தார். இவர் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மச்சாளின் சூட்கேசில் உடுப்பு கொஞ்சம்தான். கிரான்பெரி டின், பூசணி டின், பெரிய அலுமினியத் தட்டு, இறைச்சியில் குத்திச் சூடு பார்க்கிற கருவி. எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டுச் சொன்னார்: "முதல் வருசம் அங்கை எனக்கு ஒருத்தரையும் தெரியாது. கந்தோரிலை ஒரு மனுசி இந்த நாளுக்கு வீட்டை கூப்பிட்டு, பக்கத்திலை இருத்திச் சாப்பாடு தந்தது. அண்டைக்குத் தொடங்கினது. ஒவ்வொரு வருசமும் சமைச்சு, அம்மா இந்த மேசையிலை இருந்தா எப்பிடி இருக்கும் எண்டு நினைக்கிறனான். நாளைக்கு நீங்கள் என்னோடை இருந்து சாப்பிடோணும் அம்மா. மரக்கறி எண்டாலும் எனக்குக் காணும், போதும்."

மாமி இடது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் நூல் காப்பு. பிள்ளையார் பெருங்கதை தொடங்கியிருந்தது. கார்த்திகையில் வரும் இருபத்தொரு நாள் விரதம். மத்தியானம் ஒரு நேரம், தானே சமைத்த சோறு, தன் சட்டியில், தனியே.

"நான் விரதம் பிள்ளை. நீங்கள் சாப்பிடுங்கோ."

மச்சாளின் முகம் விழுந்தது. அன்று முழுதும் தாயும் மகளும் குளிரைப் பற்றியும் சொந்தக்காரரின் கலியாணங்களைப் பற்றியும் கதைத்தார்கள். சாப்பாட்டுப் பேச்சை இருவரும் எடுக்கவேயில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது. பின்னேரம் மாமியிடம் போய்க் கேட்டேன், பெற்ற பிள்ளைக்காக ஒருநாள் விட்டால் பிள்ளையார் கோபிப்பாரா என்று.

"அவளைக் கண்ணாலை காணோணும் எண்டுதானே இந்த விரதமே பிடிக்கத் தொடங்கினனான்," என்றார் மாமி. "கேட்டது கிடைச்ச வருசமே விடச் சொல்லுறீரோ? இந்த வருசம்தான் குறையில்லாமல் இருக்கோணும். அவளிட்டைச் சொல்லாதையும். நேர்த்தியை வாயாலை சொல்லித் திரியிறேல்லை."

வியாழன் காலை, வான்கோழிக்கு உப்பும் வெண்ணெயும் பூசிவிட்டு மச்சாள் ஓவனைத் திறந்தார். மாமியின் சட்டிகள் வரிசையாக இருந்தன. ஓவன் வேண்டிவரும் என்பது அதுவரை என் மூளையில் படவேயில்லை. அது அம்மாவின் சைவ அலுமாரி என்று மச்சாளுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்தத் தாயிடம் வளர்ந்தவர். கதவை மெல்லச் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"விடும் மச்சாள்," என்றார்; அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "வெட்டிக் கறி வைப்பம். அம்மா அறையிலை இருக்கட்டும், நாங்கள் இஞ்சை சாப்பிடுவம். இவ்வளவு தூரம் வந்து நான் கண்டது அவ்வளவுதான்."

சொல்லாதே என்றதை நான் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். மச்சாள் முன்றானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் மாமி, குளித்த ஈரத் தலையோடு வாசலில் நின்றார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. நேரே வந்து ஓவனைத் திறந்து, பானை, சட்டி, அகப்பை என்று ஒவ்வொன்றாக எடுத்தார். அறைக்குள் கொண்டு போய்த் தன் சூட்கேசில் ஒரு வெள்ளைச் சேலையை விரித்து அதன் மேல் வைத்தார். திரும்பி வந்தார்.

"பத்த வை பிள்ளை," என்றார் மகளிடம். "சேவல் கிடந்து காயுது."

மத்தியானமாயிற்று. மாமி சமைக்க வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன்.

"ஒரு நேரம்தானே. அது வெந்து நீங்கள் எல்லாரும் சாப்பிட இருக்கேக்கை நானும் இருக்கிறன். எந்த நேரம் எண்டு பிள்ளையார் மணிக்கூடு பாக்கிறேல்லை."

அந்த வயதில், வெறும் தண்ணீரோடு, தான் சேவல் என்ற அந்த வான்கோழி வேகும்வரை காத்திருந்தார். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் வந்து, மேலடுப்பில் தன் சட்டியில் பருப்பும், தமிழ்க்கடைப் பூசணிக்காயில் ஒரு பால்கறியும், பானையில் சோறும் வைத்தார். மேசையின் ஒரு தலைப்பில் வான்கோழி, மறு தலைப்பில் மாமியின் பானை. நடுவில் நானும் இவரும், எல்லைக் காவல்காரர் போல.

சாப்பிட முதல் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டுமாம், அதுதான் அங்கத்தைய வழக்கமாம். இவர் வேலைக்கு நன்றி என்றார். நான், மாமி வந்ததற்கு என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரிந்தது. மாமி மகளைப் பார்த்தார்.

"எனக்கு உதெல்லாம் சொல்லத் தெரியாது. கையைக் கழுவிப்போட்டு வந்து சோத்தைப் போடு."

விரதச் சோற்றில் மாமி யாரையும் கைவைக்க விட்டதில்லை. மச்சாள் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவி வந்து, அந்தப் பானையிலிருந்து தாயின் தட்டில் சோறு போட்டார். "காணும், காணும்," என்று சொன்னபடியே மாமி தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். வான்கோழி சாறில்லாமல் வறண்ட பஞ்சு மாதிரி இருந்தது. மறுநாள் அதைப் பிரட்டல் கறியாக்கித்தான் ஒப்பேற்றினோம்.

ஞாயிறு மச்சாள் போனார். திங்கள் நான் லீவு போட்டு, சோடாவும் தேசிக்காயும் போட்டு ஓவனைத் தேய்த்தேன். சட்டிகளை எடுத்து வந்து உள்ளே வைக்கப் போக, மாமி தடுத்தார்.

"நல்லாக் கழுவிப்போட்டன் மாமி. மணம் ஒண்டும் இல்லை."

"மணத்துக்கில்லை. அவள் திரும்பி வந்தால் ஓவன் வேணுமெல்லோ? நான் இல்லாட்டியும் அதுக்குள்ளை ஒண்டும் வையாதையும்."

மாமி வசந்தத்தில் கொழும்புக்குத் திரும்பினார். இரண்டு வருடத்தில் அங்கேயே கண்ணை மூடினார். அந்த நவம்பரில் மச்சாள் மறுபடி வந்தார், சூட்கேசில் அதே டின்களோடு. உள்ளே இருக்கும் சட்டிகளை வெளியே எடுப்பதற்கென்று ஓவனைத் திறந்தவர், என்னைத் திரும்பிப் பார்த்தார். நிலத்தில் என் தாச்சிகள் அடுக்கியிருந்தன.

"வெறுமையாக் கிடக்குது," என்றார்.

மாமி சொன்னதைச் சொன்னேன். மச்சாள் குனிந்து ஓவனைப் பற்ற வைத்தார்.