வெட்ட மறுத்த தையல்காரி

தையல்காரி தன் கத்தரிக்கோலை யாருக்கும் இரவல் தந்ததில்லை. தந்தால் காகிதம் வெட்டி மழுக்கிவிடுவார்கள். பெட்டியில் போட்டு அனுப்பவும் மனசு வராது. அதனால்தான் நிறைமாத மகளைப் பார்க்க விமானம் ஏறப் போனபோதும் அது அவள் கைப்பையிலேயே இருந்தது.

முன்பெல்லாம் விமான நிலையச் சோதனையில் அகப்பட்டதைத் தொட்டியில் போடச் சொல்லிவிட்டு ஆளை விட்டுவிடுவார்கள். புதுச் சட்டம் ஆளையும் பிடித்தது. அவள் போய்ச் சேர்ந்த கொட்டடியில் சமையல்காரி, அழகு நிலையக்காரி, பூக்கடைக்காரி என்று ஒரு கல்யாணத்தையே நடத்தப் போதுமான ஆட்கள் இருந்தார்கள். கொலைகாரிகளுக்குத்தான் படுக்க இடமில்லை.

கைதி உடுப்பும் தீர்ந்துபோனது. சிறை அதிகாரியம்மா அவளைத் தையல் அறைக்கு அழைத்துப்போய், சங்கிலியில் கட்டிய பெரிய கத்தரிக்கோலைக் காட்டினார்.

“துணி இருக்கு. வெட்டிக் குடு.”

“வேணாம் மேடம். இதை வச்சிருந்ததுக்குத்தானே உள்ள போட்டீங்க.”

“அது ஏர்போர்ட். இது வேலை.”

“என்னோடதும் வேலைக்குத்தான். இதுல பாதிகூட இருக்காது.”

“வீம்பு பண்ணாத. குத்தத்தை ஒத்துக்கிட்டா அபராதம் கட்டிட்டு நாளைக்கே வீட்டுக்குப் போகலாம்.”

“போகலாம். ஆயுதக் கேஸுன்னு பேர் விழுந்தா எவன் விசா குடுப்பான்? பேரப்பிள்ளையை போட்டோவுலயே பார்த்துட்டுப் போய்ச் சேரவா?”

ஒத்துக்கொண்டால் வெளியே வரலாம், மகளிடம் போக முடியாது. மறுத்தால் மகளிடம் போக வழியுண்டு, வழக்கு முடியும்வரை வெளியே வர முடியாது. அவள் மறுத்தாள்.

“வெட்டித் தொலையேன் அக்கா, பொழுதாவது போகும்” என்றாள் சமையல்காரி.

“நீ இங்க காய் நறுக்குறியே, எதுல நறுக்குற?”

சமையல்காரி யோசித்தாள். மறுநாளிலிருந்து தட்டில் உருளைக்கிழங்கு முழுசு முழுசாக வந்தது.

பேத்தி பிறந்த செய்தியும் வந்தது. அன்று தையல்காரி சாப்பிடவில்லை. உருளைக்கிழங்கு வேகவில்லை என்று பழியை அதன்மேல் போட்டாள்.

மறுவாரம் சிறையைப் பார்வையிட வந்த நீதிபதி, சொந்த உடுப்பில் நின்ற கைதிகளையும் முழு உருளைக்கிழங்கையும் பார்த்துவிட்டுக் காரணம் கேட்டார்.

“கத்தியும் கத்தரிக்கோலும் வேலை செய்யற சாமான்தானே ஐயா. ஆயுதம்னு சொல்லித் தொடமாட்டேங்கிறாங்க” என்றார் அதிகாரியம்மா, சலிப்போடு.

“இதையே கோர்ட்ல வந்து சொல்வீங்களா?”

அதிகாரியம்மா தையல்காரியைப் பார்த்தார். அவள் கைகட்டி நின்றாள்.

“சொல்றேன் ஐயா.”

நீதிபதி போனதும் அதிகாரியம்மா கத்தரிக்கோலை அவள் பக்கம் தள்ளினார். “அதான் சொல்றேன்னுட்டேனே. இப்பவாவது வெட்டு.”

“சொல்லிட்டு வாங்க மேடம். துணி எங்கயும் ஓடிடாது. நானும்தான்.”