மயில் படம் ஒட்டிய வண்டி

அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினரே, நண்பர்களே! நேர்மை, நியாயம், நடுவுநிலைமை என்னும் சொற்களை மேடைதோறும் முழங்கிக் கைதட்டல் பெற்றவள் நான். அச்சொற்களை அப்பா உச்சரித்து நான் கேட்டதில்லை.

கொல்லயில் என்னும் ஊரில் பிறந்த அப்பா, இளமையிலேயே தந்தையை இழந்து, தோப்பு வேலைகள் செய்து, பின்பு உதியன்குளங்கரை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினார். அங்கே முதலில் நிற்கும் வண்டிக்கே சவாரி. பேச்சுப் போட்டிக்கு நான் பிந்திய நாளிலும், மூன்றாவதாக நின்ற அப்பா என்னைத் தம் வண்டியில் ஏற்றவில்லை.

"முன்னால நிக்குத வண்டியில கேறு மக்கா" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினேன்.

அந்தக் கோபம் ஆறவில்லை. எங்கள் சபை மண்டபத்துப் பட்டிமன்றத்தில், நேர்மை எவரையும் உயர்த்தாது என்ற அணியில் பேசினேன். "வரிசை காத்த என் தந்தை பின்னால் நிற்கிறார். வரிசையை வெட்டிய மயில் படம் ஒட்டிய வண்டி முன்னால் போய்விட்டது!" மண்டபம் சிரித்தது. அவ்வண்டி, அதே ஸ்டாண்டில் அப்பாவுடன் ஆட்டோ ஓட்டிய ராஜமணி மாமாவுடையது என்பதை அறியாதவர் அங்கே இல்லை. அது அப்பாவை ஒருநாள் முந்தியதை நான் கண்டதுண்டு. காரணம் கேட்டதில்லை.

திரும்பும் வழியில் அப்பா சொன்னார்: "நல்லாட்டு பேசினே. ஆனா ராஜமணிய கள்ளனாக்கினியே. அண்ணைக்கு அவன் பொஞ்சாதிக்குத் தீனம், மருந்துக்குப் பைசா இல்ல. முன்னால போவச் சொன்னது நானாக்கும்."

"அது மேடைப் பேச்சாக்கும் அப்பா."

"கேட்டவங்க அத வீட்டுக்கும் கொண்டு போயிட்டாங்களே. நாளைக்கு அவன்கிட்ட ஒரு வாக்கு சொல்லு."

நான் சொல்லவில்லை.

அப்பாவின் சிறுநீரகம் பழுதுற்றபோது, நெய்யாற்றின்கரை மருத்துவமனைக்கு வாரந்தோறும் கொண்டுசென்றது அதே வண்டிதான். முதல்நாள் தயங்கி நின்ற என்னைப் பார்த்து மாமா சிரித்தார்: "வெட்டிப் பாயுத வண்டியாக்கும். பயப்படாம கேறு மக்கா." என் பேச்சுக்குப் பின் ஸ்டாண்டில் அவரை அப்படித்தான் கேலி செய்தார்கள் என்பதை அன்று அறிந்தேன். அப்போதும் மன்னிப்புக் கேட்காமலே வண்டியில் ஏறினேன்.

கடைசி வாரத்தில் அப்பா கேட்டார்: "ராஜமணிகிட்ட சொன்னியா?" ஆம் என்று தலையசைத்தேன். அவர் நிம்மதியாகக் கண்களை மூடிக்கொண்டார்.

அப்பாவைப் பேணிய மருத்துவர்களுக்கும், செவிலியருக்கும், இறுதி ஊர்வலத்தில் வண்டிகளை வரிசையாக ஓட்டிவந்த ஸ்டாண்டுத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பட்டிமன்றத்தன்று மண்டபத்தில் இருந்தவர்களே இன்று இதைப் படிக்கிறீர்கள். ராஜமணி மாமா வரிசையை வெட்டவில்லை. அப்பா வழிவிட்டார். பொய் சொன்னவள் நான்.

இதை அச்சுக்குத் தருமுன் ஸ்டாண்டுக்குச் சென்று மாமாவுக்குப் படித்துக் காட்டி, மன்னிப்பும் கேட்டேன். அவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டிருந்தார்.

"எனக்கு அது அண்ணைக்கே போச்சு மக்கா. உனக்க அப்பா இருக்கும்போ சொல்லியிருந்தா, அவருக்கு நீ பொய் சொல்ல வேண்டாமாயிருந்துல்லா?"

வீடு திரும்ப, வரிசையில் முதலில் நின்ற வண்டியில் ஏறினேன்.